சுவரில் பெரிய ஓட்டை போடுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "ஏசி வாங்கியாச்சு, நாளைக்கு ஆள் வர்றாங்க, ஓட்டை எங்க போடச் சொல்லட்டும்?" கட்டட மேற்பார்வை வேலையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் சொந்தக்காரர், தெருக்காரர், அவர்கள் வீட்டுச் சம்பந்தி வரை எல்லோருக்கும் நான்தான் ஓட்டை நிபுணர். ஒரே பதிலை எத்தனை பேருக்குச் சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். நம் ஊர்ச் செங்கல் வீடுகளையும் அபார்ட்மென்ட்டுகளையும் மனதில் வைத்து எழுதியது இது.

முதலிலேயே ஒன்று. ஓட்டை போடுவது அரை மணி நேர வேலை. இடம் பார்ப்பதற்கு அரை நாள் ஆனாலும் தப்பில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதி, இடம் பார்க்காமல் மெஷினைக் கையில் எடுத்தவர்கள் கேட்டவை.

பெரிய ஓட்டை என்றால் எவ்வளவு பெரிது? நானே போடலாமா?

இன்டர்நெட் கேபிளுக்கு 12 மி.மீ. போதும், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு இன்ச் போதும். அதெல்லாம் சின்ன ஓட்டை. ஸ்பிலிட் ஏசியின் செம்புக் குழாய்கள், வயர், தண்ணீர் வடியும் டியூப் எல்லாம் ஒன்றாகப் போக 65 முதல் 75 மி.மீ. வேண்டும். நாலு இன்ச் கழிவுக் குழாய்க்கு வெளிவிட்டமே 110 மி.மீ. சமையலறைச் சிம்னிக்குப் பெரும்பாலும் 6 இன்ச், அதாவது 150 மி.மீ. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அதையும் தாண்டும்.

நான் போடும் கோடு இதுதான். செங்கல் சுவர், நின்றபடி கைக்கு எட்டும் உயரம், 75 மி.மீ.க்குள்: பழகிய கை என்றால் நீங்களே போடலாம். அதற்கு மேல் போனால் கோர் கட்டிங் ஆளை, அதாவது குழல் போன்ற பிட்டால் சுவரை வட்டமாக அறுத்தெடுப்பவரை, கூப்பிடுங்கள். கான்கிரீட் என்றால் எந்தப் பெரிய ஓட்டையும் வீட்டுக்காரர் வேலை அல்ல. விட்டத்தையும் சுவர் கனத்தையும் பார்த்து ஓட்டைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் போய் மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சுவர் செங்கலா கான்கிரீட்டா, எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஆனால் பூச்சுக்கு மேல் தட்டும் சத்தம் ஏமாற்றும். நம்பகமான வழி, 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போட்டுத் தூளின் நிறத்தைப் பார்ப்பது. முதல் அரை இன்ச்சுக்கு எல்லாச் சுவரும் சாம்பல் நிறம்தான் கொட்டும், அது சிமென்ட் பூச்சு. அதற்குப் பிறகு செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட் முக்கி முனகி நகர்ந்தால் கான்கிரீட். சாம்பல் தூள், ஆனால் திடீரென்று பிட் 'பொதுக்'கென்று உள்ளே போனால் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள கல். மாவு போல வெள்ளைத் தூள் சுலபமாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது நுரை போல் காற்றறை உள்ள லேசான கல். ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லும் சாம்பல் நிறம்தான், ஆனால் கான்கிரீட் அளவுக்கு எதிர்ப்புக் காட்டாது.

ஏசிக்காரர் குறித்துக் கொடுத்த இடத்திலேயே போட்டுவிடலாமா?

இதற்குத்தான் நான் அதிகம் கத்துவேன். ஏசி மாட்ட வருபவர் பார்ப்பது ஏசியை. உள் யூனிட் எங்கே, வெளி யூனிட் எங்கே, குழாய் எவ்வளவு குறையும் என்பது அவர் கணக்கு. சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கவலை இல்லை.

நம் வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாவற்றின் தலையும் தரையிலிருந்து 7 அடியில் நிற்கும். அதற்கு மேலே லிண்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை, பெரும்பாலும் 6 இன்ச் கனம். பல வீடுகளில் லிண்டலை ஜன்னலோடு நிறுத்தாமல் சுவர் முழுக்கச் சுற்றி ஓட்டியிருப்பார்கள். நிலநடுக்கத்தில் சுவர்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் பிடித்திருக்கும் அரைஞாண் கயிறு அது. ஆக, 7 அடிக்கும் ஏழரை அடிக்கும் நடுவே சுவரின் எந்த இடத்திலும் கம்பி கட்டிய கான்கிரீட் இருக்கலாம். ஏசி உள் யூனிட்டின் அடிப்பாகம் வருவதும் ஏறக்குறைய அந்த உயரம்தான். குழாய் ஓட்டை அதன் அடியில், பின்னால். வம்பு புரிகிறதா?

என்ன செய்யலாம் என்றால், ஜன்னல் தலையிலிருந்து ரசமட்டம் வைத்துச் சுவர் நெடுக இரண்டு பென்சில் கோடு இழுங்கள்: ஒன்று ஜன்னல் தலை மட்டத்தில், இன்னொன்று அதற்கு 8 இன்ச் மேலே. இந்தப் பட்டைக்குள் ஓட்டை வரக்கூடாது. பட்டைக்கு மேலே போடும்படி யூனிட்டை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பட்டைக்குக் கீழே போட்டுக் குழாயை நாலு இன்ச் கீழிறக்கிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடு இருந்தால் அதன் மேல்மட்டத்தை ஒட்டியும் போடாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கும் இடம் அது.

தூணில் ஓரமாக, பீமில் சின்னதாக ஒன்று?

வேண்டாம். எட்டு மி.மீ. ஸ்க்ரூ வேறு, மூன்று இன்ச் கோர் வேறு. 9 இன்ச் அகலத் தூணில் 3 இன்ச் ஓட்டை போட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, கூடவே கம்பியும். கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் எழுத்தில் சொன்னாலொழிய அந்தப் பேச்சே கூடாது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லாச் சுவரும் கான்கிரீட் என்கிறார்கள்.

அலுமினியப் பலகை அடைத்துச் சுவரையும் தளத்தையும் ஒன்றாக வார்க்கும் முறை அது, 'மிவான்' என்று சொல்வார்கள். அந்தக் கட்டடங்களில் தூண், பீம் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. சுவரே தூண், சுவரே பீம். அதனால்தான் கட்டுபவர்கள் ஏசிக்கும் சிம்னிக்கும் முன்கூட்டியே குழாய் வைத்து வார்த்துவிடுகிறார்கள். வீடு வாங்கியபோது கொடுத்த வரைபடத்தில் அந்த இடங்கள் இருக்கும். பூச்சிலோ பெயின்ட்டிலோ மூடிப்போயிருந்தால் தேடி எடுங்கள். புது இடம்தான் வேண்டும் என்றால் சங்கத்தின் அனுமதி, பொறியாளரின் ஒப்புதல், கம்பியைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் மூன்றும் வேண்டும்.

ஒன்பது இன்ச் சுவர் மேல் தளத்தையே தாங்குகிறது. ஓட்டை போட்டால் பலவீனமாகாதா?

ஒரு 6 இன்ச் வட்ட ஓட்டை சரியான இடத்தில் வந்தால் ஆகாது. செங்கல்கள் ஒன்றன் இடுக்கில் ஒன்றாக மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், மேலிருந்து வரும் பாரம் ஓட்டையின் இரு பக்கமும் வளைந்து இறங்கிக்கொள்ளும். வட்டம் என்றால் மேல்பாதியே ஒரு வளைவு மாதிரி நிற்கும். சதுரமாகக் கொத்தி எடுக்கும்போதுதான் மூலைகளில் விரிசல் கிளம்பும், மேலே இருக்கும் கல்லுக்கும் தாங்கல் போய்விடும்.

இடம்தான் விஷயம். பீமோ லிண்டலோ சுவரில் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே போடாதீர்கள். அங்கே மொத்தப் பாரமும் ஒரு முழத்துக்குள் இறங்குகிறது. சுவர் மூலையிலிருந்தும் கதவு, ஜன்னல் ஓரத்திலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி வாருங்கள். இரண்டு ஏசிக்கு இரண்டு ஓட்டை என்றால் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம், நடுவே இரண்டு முழுக்கல் நீளமாவது இருக்கட்டும். ஓட்டையைவிட எனக்குப் பயம் தருவது, குழாயைப் புதைக்கிறேன் என்று நாலரை இன்ச் சுவரில் படுக்கைவாட்டில் ஆழமாகக் காடி வெட்டுவது. ஓட்டை ஒரு புள்ளியில் நின்றுவிடும், காடி சுவரையே இரண்டாக மடிக்கும்.

சுவருக்குள் வயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டும்போது பூச்சுக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால் இன்றே எல்லாச் சுவரையும் ஒரு அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

போட்டோ இல்லாதவர்கள் ஊகிக்க வேண்டியதுதான், ஆனால் அறிவோடு ஊகிக்கலாம். மின்குழாய்கள் தளத்தில் ஓடி, சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே செங்குத்தாக இறங்கும். எனவே ஒவ்வொரு சுவிட்ச், பிளக், சுவர் விளக்குக்கும் மேலும் கீழும் கூரை முதல் தரை வரை ஒரு தூண் வரைந்ததாக நினைத்துக்கொண்டு, இரு பக்கமும் 6 இன்ச் விலகுங்கள். ஏசிக்கென்று வைத்த பிளக்தான் இதில் முதல் எதிரி, ஏனென்றால் அது ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பாக்ஸிலிருந்து பக்கத்துப் பாக்ஸுக்குப் படுக்கையாகவும் குழாய் போகும். சோம்பேறி எலெக்ட்ரீஷியன் குறுக்கே சரிவாகவும் இழுத்திருப்பார், அதற்கு எந்த விதியும் உதவாது.

சுவரின் மறுபக்கத்தையும் போய்ப் பாருங்கள். என் சொந்த வீட்டிலேயே நான் பட்ட அவமானம் இது. படுக்கையறைச் சுவரில் சுவிட்ச் ஒன்றுகூட இல்லை, சுத்தமான சுவர் என்று துளை போட்டேன். மறுபக்கம் குளியலறை. கீசருக்குப் போகும் குழாய் என் பிட்டுக்காகவே காத்திருந்தது. மாடித் தொட்டி காலியாகும் வரை படுக்கையறையில் அருவி. மேற்பார்வையாளர் வீட்டிலேயே இப்படி என்று என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

சுவருக்குள் இருப்பதைக் காட்டும் டிடெக்டர் கருவிகள் உதவும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மலிவான கருவி இரும்பையும் மின்சாரம் ஓடும் வயரையும் காட்டும். தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாயைக் காட்டாது. ஈரச் சுவரில் எங்கே வைத்தாலும் கத்தும். கருவி 'பீப்' அடித்தால் நம்புங்கள், அடிக்காவிட்டால் நம்பாதீர்கள்.

மெயினை அணைத்துவிட்டால் போதுமா?

போதாது, நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறதே! மெயினை அணைத்ததும் அது 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்துத் தன் பங்குக்கு மின்சாரம் அனுப்ப ஆரம்பிக்கும். நீங்கள் துளைக்கும் சுவரிலிருக்கும் ஃபேன், லைட் வயர்களில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அதன் வெளிவரும் இணைப்பும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு பேஸை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மொட்டைமாடியில் சோலார் வேறு இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே அணைக்கச் சொல்லுங்கள். அணைத்த பிறகு அந்தச் சுவரில் உள்ள ஒவ்வொரு பாயிண்ட்டையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். அதற்கு முன் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள பிளக்கில் பார்த்திருக்க வேண்டும்.

மெஷினுக்குக் கரண்ட்? அதற்கு மெயின் வேண்டும் என்பதால், மற்ற எம்.சி.பி.களை (மின்பெட்டியில் இருக்கும் தானாக விழும் சுவிட்சுகள்) எல்லாம் அணைத்துவிட்டு, துளைக்கும் சுவருக்குச் சம்பந்தமில்லாத அறையின் எம்.சி.பி.யை மட்டும் விட்டுவைத்து, அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் இழுங்கள். அந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வர வேண்டும். 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சாதாரண எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

என்னிடம் சாதாரண டிரில்லிங் மெஷின் இருக்கிறது. பெரிய பிட் வாங்கி மாட்டினால் போதாதா?

அந்த 13 மி.மீ. சக்கு (பிட்டைக் கவ்வும் வாய்) வைத்த மெஷின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டிச் சுழலும்படி செய்தது. சின்னப் பிட்டுக்கு அது சரி. மூன்று நாலு இன்ச் கோர் பிட்டுக்கு வேண்டியது வேகம் இல்லை, முறுக்கு விசை. மெதுவாக, விடாமல் சுற்ற வேண்டும். சின்ன மெஷினில் பெரிய பிட்டை மாட்டினால் ஒன்று மெஷின் புகையும், இல்லாவிட்டால் பிட் மாட்டிக்கொள்ளும்.

ரோட்டரி ஹேமர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதில் பிட்டின் அடித்தண்டு 10 மி.மீ. உள்ளது எஸ்.டி.எஸ். பிளஸ், 18 மி.மீ. உள்ளது எஸ்.டி.எஸ். மேக்ஸ். வீட்டில் வைத்திருக்கும் பிளஸ் வகை மெஷின்களில் பல, செங்கலில் 68 மி.மீ. கோர் வரைதான் தாங்கும். பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் உங்கள் மெஷினின் எல்லை போட்டிருக்கும், அதை மீறாதீர்கள்.

கோர் பிட்டில் இரண்டு வகை. கார்பைடு பல் வைத்தது அடித்துச் சுற்றும் ஹேமர் முறையில் ஓடும், செங்கலுக்கு நல்லது, கம்பியில் பட்டால் பல் போய்விடும். டைமண்ட் கோர் வெறுமனே சுற்ற மட்டுமே வேண்டும். ஹேமரைப் போட்டால் டைமண்ட் துண்டுகள் கழன்று பறக்கும், யார் கண்ணில் போய் விழும் என்று சொல்ல முடியாது. வாடகைக்கு எடுப்பவர்கள் இந்த ஒரு சுவிட்சை இரண்டு முறை பாருங்கள். பாதுகாப்புக் கிளட்ச் உள்ள மெஷினா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

மெஷின் கையைச் சுழற்றி அடித்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். பெரிய ஓட்டை வேலையில் அடிபடுவதற்கு முக்கியக் காரணமே இது. கோர் பிட் சட்டென்று சுவரில் சிக்கிக்கொண்டால் மோட்டார் நிற்காது. பிட் சுற்ற முடியாததால் மெஷின் உடம்பு சுற்றும், அதோடு உங்கள் மணிக்கட்டும். கிளட்ச் இருந்தால் அந்த நொடியில் 'டக டக' என்று நழுவி விடும். இல்லாவிட்டால் எலும்புதான் கிளட்ச்.

பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். டிரிகரை அழுத்திப் பூட்டும் பொத்தான் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், விரலை எடுத்தால் நிற்க வேண்டும். வளைந்து நுழைந்தால் பிட் கடிக்கும், ஆகவே நேராகப் பிடியுங்கள். முக்கித் தள்ளாதீர்கள். சத்தம் அடைத்து மாறும்போதே வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டுத் திரும்ப நுழையுங்கள். வேட்டி, லுங்கி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, தொளதொள கையுறை எதுவும் வேண்டாம்.

எட்டடி உயரத்தில் ஏணி போட்டுச் செய்யலாமா?

சாய்வு ஏணியில் நின்று கோர் மெஷின் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். கடித்தால் மெஷின் உங்களைத் தள்ளும், ஊன்ற இடமிருக்காது. கொத்தனார்கள் போடுவது போல் சாரம் கட்டுங்கள், அல்லது அசையாத பலகை மேடை. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்தவரைப் பற்றி இங்கே எழுதவில்லை, அவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, எப்படித்தான் போடுவது?

75 மி.மீ. ஏசி ஓட்டையையே எடுத்துக்கொள்வோம். 9 இன்ச் சுவர், இரு பக்கப் பூச்சையும் சேர்த்தால் 260 மி.மீ. வரும். சாதாரண கோர் பிட்டின் உள்ளாழம் பெரும்பாலும் 150 மி.மீ. ஆக ஒரே மூச்சில் போகாது என்பதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

மையத்தைக் குறித்து, 400 மி.மீ. நீளமான 10 மி.மீ. பிட்டால் முதலில் வழித்துளை. வெளிப்பக்கம் சற்றே கீழே இறங்கும்படி, சுவர் கனத்துக்குள் 5 முதல் 10 மி.மீ. சரிவு. மழைத் தண்ணீர் உள்ளே வராது, ஏசித் தண்ணீர் வெளியே போகும். இந்தத் துளைதான் உளவாளி: தூளின் நிறம் மாறுகிறதா, இரும்பில் உரசும் கிறீச் சத்தம் வருகிறதா, ஈரமாகத் தூள் வருகிறதா என்று ஒவ்வொரு இரண்டு இன்ச்சிலும் நிறுத்திப் பாருங்கள். சந்தேகம் வந்தால் இந்த 10 மி.மீ. துளையைக் கைப்பிடிக் கலவையில் அடைத்துவிட்டு இடத்தை மாற்றலாம். கோர் போட்ட பிறகு மாற்ற முடியாது.

வழித்துளை வெளியே வந்ததும் வெளியே போய்ப் பாருங்கள். நினைத்த இடத்தில்தான் வந்திருக்கிறதா? பிறகு கோர் பிட்டின் நடுப்பிட்டை வழித்துளையில் நுழைத்து மெதுவாகத் தொடங்குங்கள். அரை இன்ச் வட்டக் காடி விழுந்தபின் டைமண்ட் கோரில் நடுப்பிட்டைக் கழற்றிவிடலாம், காடியே வழி காட்டும். பிட் முழுக்க நுழைந்ததும் வெளியே எடுத்து, நடுவில் நிற்கும் செங்கல் உருளையை உளியால் நெம்பினால் உடைந்து வரும். மிச்சத்தை வெளிப்பக்கத்திலிருந்து போடுவதுதான் நல்லது. உள்ளிருந்தே உதைத்துத் தள்ளினால் வெளிப்பூச்சு சோற்றுத் தட்டளவுக்குப் பெயர்ந்து விழும். வெளியே போக வழியில்லாத மாடி வீடு என்றால் கடைசி இரண்டு இன்ச்சில் அழுத்தத்தைக் குறைத்துப் பூப்போல முடியுங்கள்.

வெளியே தெருப்பக்கம். கல் கீழே விழுந்தால்?

75 மி.மீ. ஓட்டையிலிருந்து வரும் செங்கல் சுமார் 2 கிலோ. 150 மி.மீ. சிம்னி ஓட்டை என்றால் 8 கிலோவை ஒட்டி வரும். இருபது அடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 40 கி.மீ. வேகம் இருக்கும். கீழே பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை, நிறுத்திவைத்த வண்டி எதுவும் இருக்கலாம். கீழே கயிறு கட்டித் தடுத்து ஒரு ஆளை நிறுத்துங்கள். அந்த ஆள் ஓட்டைக்கு நேர் கீழே நிற்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள், மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஜன்னல் கம்பியிலிருந்து சாக்குப் பையைத் தொங்கவிட்டு ஓட்டைக்கு அடியில் வாய் திறந்து கட்டினால் சில்லுகளையும் பிடிக்கும்.

தூசிக்குக் கைக்குட்டை கட்டினால் போதாதா?

செங்கல், கான்கிரீட், மணல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலேயே நின்றுவிடும். ஆபத்து, தெரியாத நுண்தூளில்தான். அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்கும், அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். தங்கிய தூளை வெளியே எடுக்க மருந்து கிடையாது. நம் நாட்டின் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் அது இருந்தது. அமெரிக்காவில் 2016இல் வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்த உச்சவரம்பு ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். அதாவது, அந்த அளவு தூசி கண்ணுக்கே தெரியாது. மூடிய அறையில் ஒரு ஓட்டை போட்டால் எழும் புகைமண்டலத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு ஓட்டை போட்டு யாருக்கும் சிலிகோசிஸ் வந்துவிடாது. ஆனால் ஓட்டை போட நாள்தோறும் பத்து வீடு போகும் பையனுக்கு வரலாம். முகத்தோடு ஒட்டும் என்-95 உங்களுக்கும் அவருக்கும் வாங்கி வையுங்கள். "பழகிடுச்சு சார்" என்பார், விடாதீர்கள். துணி முகமூடியும் கைக்குட்டையும் நுண்தூளுக்கு ஜன்னல் கம்பி மாதிரி. ஃபேனை அணையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கண்ணாடியும் காது மூடியும் சொல்லாமலே தெரியும். ஹேமர் சத்தம் 100 டெசிபெலை ஒட்டி இருக்கும்.

தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டால் தூசி வராதே?

வராது, டைமண்டும் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதற்கென்று செய்த மெஷினில்தான் தண்ணீர். சாதாரண மெஷினின் மேல் பாட்டிலால் ஊற்றினால் காற்றுத் துளை வழியே மோட்டாருக்குள் போய் உங்கள் கைக்கு வந்து சேரும். ஈர மெஷினின் கம்பியிலேயே ஒரு சின்ன ஆர்.சி.சி.பி. பெட்டி தொங்கும், அதை வெட்டி எறிந்துவிட்டு நேராக பிளக் மாட்டியிருந்தால் அந்த ஆளைத் திருப்பி அனுப்புங்கள். செந்நிறக் குழம்பு சுவரில் வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும், பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள்.

டைல்ஸ் ஒட்டிய சமையலறைச் சுவர்?

டைல்ஸ் தாண்டும்வரை ஹேமர் கூடாது. டைமண்ட் கோரைச் சற்றுச் சாய்த்துப் பிறை போல் ஒரு கோடு விழுந்ததும் நிமிர்த்துங்கள், வழுக்காது. டைல்ஸுக்குப் பின்னால் கலவை நிரம்பாமல் வெற்றிடம் இருந்தால் என்ன செய்தாலும் ஒன்று விரியும். அதே டைல்ஸில் இரண்டு மிச்சம் பரணில் இருக்கிறதா பாருங்கள்.

மெஷினே வேண்டாம், உளி சுத்தியலில் கொத்தனார் போட்டுவிடுவாரே?

போடுவார், காலங்காலமாகப் போட்டதுதான். ஆனால் 6 இன்ச் கேட்டால் 9 இன்ச் உடைப்பார், பிறகு பூச வேண்டும். நாலரை இன்ச் சுவரில் அடித்தால் சுவரே அதிரும், ஏஏசி, ஹாலோ பிளாக் என்றால் கல் பிளந்துவிடும். நடுவழி ஒன்று உண்டு. வட்டம் வரைந்து அதன் ஓரம் நெடுக 10 மி.மீ. துளைகளை நெருக்கமாகப் போட்டு, இரண்டு பக்கமிருந்தும் உளியால் மெதுவாக எடுப்பது. எக்ஸாஸ்ட் ஃபேன் அளவுக்கு இது போதும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளுக்கு ஹேமரும் வேண்டாம், ஓங்கி அடிக்கும் சுத்தியலும் வேண்டாம். சாந்து இளகியிருக்கும், ஒரு கல்லை அசைத்தால் மேலே நாலு கல் வழிவிடும். மண் சுவர் என்றால் நீளப் பிட்டால் சுற்றித் துளைத்துக் கையாலேயே எடுங்கள்.

பாதியில் கம்பி, வயர், குழாய் பட்டுவிட்டது. இப்போது?

கம்பி என்றால் நிறுத்துங்கள். "வெட்டிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. ஓட்டையைக் காய்ந்தாலும் சுருங்காத சிமென்ட் கலவை (க்ரௌட்) கொண்டு அடைத்து வேறு இடம் பாருங்கள். வெட்டியே விட்டீர்கள் என்றால் மறைக்காமல் பொறியாளருக்குக் காட்டுங்கள்.

வயர் பட்டு ஆர்.சி.சி.பி. விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். அந்த வயரை முழு நீளத்துக்கும் மாற்ற வேண்டும், சுவருக்குள் டேப் சுற்றிய ஜாயிண்ட் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் ஆளைத் தொடாமல் முதலில் சப்ளையை அணையுங்கள். குழாய் என்றால் மாடித் தொட்டி வால்வை மூடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை ஓட்டைக்கு முன்பே பார்த்து வைத்திருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஓட்டை போட்டாயிற்று. அப்படியே குழாயை நுழைத்துவிடலாமா?

அளவான பி.வி.சி. துண்டு ஒன்றை ஓட்டைக்குள் செருகி, சுற்றிலும் கலவை வைத்த பிறகு குழாயை நுழையுங்கள். செங்கல் ஓரம் செம்புக் குழாயின் மேலுறையை உரசாது, பிற்காலத்தில் மாற்றுவதும் சுலபம். ஏசிக்காரர்கள் அவசரத்தில் வெள்ளைச் சிமென்ட்டோ காகிதமோ வைத்து அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளிப்பக்கம் வெயில் தாங்கும் சீலன்ட் வேண்டும். வெறும் நுரை வைத்தால் வெயிலில் பொடிந்துபோகும், எலியும் அணிலும் அதைத் தோண்டிவிடும். சிம்னி ஓட்டைக்கு வெளியே மடல் உள்ள மூடி போடாவிட்டால் அடுத்த பருவத்தில் புறா குடும்பத்தோடு வந்துவிடும்.

வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். பழைய ஓட்டையை எப்படி அடைப்பது?

காகிதத்தைத் திணித்து மேலே பட்டி பார்ப்பது ஒரு மழைகூடத் தாங்காது. உள்ளே தூளைத் தட்டி எடுத்து, ஓட்டையைத் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். நனைத்த செங்கல் துண்டுகளை ஒன்றுக்கு நாலு சிமென்ட் மணல் கலவையோடு வெளிப்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டே உள்ளே வாருங்கள். இரு பக்கமும் அரை இன்ச் பள்ளம் விட்டு, மறுநாள் பூச்சு. ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், அதன்பிறகு பட்டியும் பெயின்ட்டும். வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.